பிள்ளைகளுக்கு நாம் காட்டும் உலகம்

கொழும்பு காலிமுகத்திடலிலே ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. 1856ஆம் ஆண்டிலே தொடங்கி 1859ஆம் ஆண்டிலே முடிக்கப்பட்ட அக்கடலோர நடைபாதையை, கொழும்பு நகரின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன் கருதித் தமக்குப் பின்வரும் ஆட்சியாளரிடம் ஒப்படைப்பதாகத் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் அதிலே பொறித்து வைத்தார். இலங்கைக்கு வருமுன்னர் அயோனியத் தீவுகளில் அதிகாரம் செலுத்தியபோது, 1849இல் செபலோனியாத் தீவிலே எழுந்த கிளர்ச்சியைத் தூக்குமரத்தாலும் கசையடியாலும் அடக்கியவர் இவரே. அத்தகைய ஒருவர் சிறுவர்களின் நலனை எண்ணினார் என்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. எந்தச் சிறுவர்கள் என்பதே கேள்வி. வண்டியிலே வந்திறங்கிக் கடற்காற்று வாங்கிய சீமாட்டிகளின் குழந்தைகள் அவருடைய மனக்கண்ணிலே நின்றிருக்கலாம். அக்குழந்தைகளைத் தூக்கிச் சுமந்த ஆயாவின் பிள்ளை அந்நேரத்தில் எந்தக் குடிசையில், எவருடைய பராமரிப்பில் இருந்தது என்பது பற்றிக் கல் மௌனம் சாதிக்கிறது.

ஆயினும் இன்று அத்திடலிலே ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களிற் கூடுகின்றவர்கள் சீமாட்டிகள் அல்லர். கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் ஒற்றை அறைக்குள் வாழும் குடும்பங்கள் அங்கு வருகின்றன. தகப்பன் பட்டத்தை ஏற்றி நூலைப் பிள்ளையின் கையிலே கொடுக்கிறான். தாய் இறால் வடையைப் பிய்த்து உறைப்பு நீக்கி ஊட்டுகிறாள். இம்மாற்றத்தைக் கல் கொண்டுவரவில்லை. மக்கள் நடந்து நடந்து அந்நிலத்தைத் தமதாக்கிக் கொண்டனர். 2022ஆம் ஆண்டிலே நாடு வங்குரோத்தாகி, பாலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் நீதி கேட்டு அதே திடலிலே திரண்டபோது, பிள்ளைகளைத் தோளிலே சுமந்துகொண்டு வந்த குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. வாட் குறிப்பிட்ட 'பின்வரும் ஆட்சியாளர்' வரிசையில் வந்த ஒருவர் அவ்வாண்டு யூலை மாதத்திலே நாட்டைவிட்டே ஓடவேண்டி நேர்ந்தது.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கூறுவது ஒரு கேள்வியை எழுப்புவதற்காகவே. இளம் பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அழைத்துச் செல்லுதல், கடலையும் காட்டையும் ஊரையும் அவர்களுக்குக் காட்டுதல், பெற்றோர் கையில் மிச்சப் பணம் இருக்கும்போது செய்யும் ஆடம்பரமா? அல்லது ஒவ்வொரு பிள்ளைக்கும் சமூகம் செலுத்தக் கடமைப்பட்ட கடனா?

இக்கேள்வியை அற்பமென்று ஒதுக்குவோர் இரு திறத்தார். சிக்கனத்தைப் போற்றும் நம் பெரியோர்கள், "ஊர் சுற்றிக் கண்டதென்ன? பிள்ளை வீட்டிலிருந்து படிக்கட்டும்" என்பர். மற்றொரு திறத்தார் நம்முடைய அணியிலேயே உள்ளனர். பசித்த வயிறுகள் ஆயிரமாயிரம் இருக்கையில் பூங்காவையும் பட்டத்தையும் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் சொகுசுப் பேச்சு என்பது அவர்களுடைய வாதம்.

பின்னையோருக்கு முதலில் விடை கூறுவோம். 1886ஆம் ஆண்டிலே சிக்காகோத் தொழிலாளர் தெருவிலே இறங்கியது கூலி உயர்வுக்காக அன்று. உழைப்புக்கு எட்டு மணிநேரம், உறக்கத்துக்கு எட்டு மணிநேரம், எஞ்சிய எட்டும் தமக்கே உரியது என்றுதான் அவர்கள் கேட்டனர். அந்த மூன்றாவது எட்டு மணிநேரத்துக்காக உயிர்கள் பலியாயின. தன் பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்திலே காணும் உரிமையும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு நோக்கமேதுமின்றி நடக்கும் உரிமையும் அந்த எட்டு மணிநேரத்துக்குள்ளேதான் அடங்கியுள்ளன. சோறு மாத்திரம் போதுமென்று தொழிலாளி ஒருபோதும் கூறியதில்லை. அவன் சார்பில் நாம் அவ்வாறு கூறுவது நியாயமன்று. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் தனது 31ஆம் உறுப்புரையிலே ஓய்வையும் விளையாட்டையும் பண்பாட்டு வாழ்விற் பங்குகொள்வதையும் பிள்ளையின் உரிமையென ஏற்றுக்கொண்டது. இலங்கை அரசு 1991இல் அதனை ஏற்றுக் கையொப்பத்தை உறுதிசெய்தது. ஆகவே இவ்விடயம் கருணையின் எல்லையைத் தாண்டி உரிமையின் எல்லைக்குள் வந்து பல ஆண்டுகளாகின்றன.

ஏட்டில் உள்ள உரிமை யாருடைய கைக்கு எட்டுகிறது என்று பார்ப்போம். சித்திரை மாதத்திலே கொழும்புச் செல்வர்கள் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குச் செல்கின்றனர். விக்ரோறியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சி நிறைவை நினைவுகூரும் பெயருடைய பூங்காவிலே அவர்களுடைய பிள்ளைகள் ஓடியாடுகின்றனர். போகும் வழியிலே காரை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் பிடிப்பதும் அச்சுற்றுலாவின் ஓர் அங்கம். அப்பெண்ணுக்கும் ஒரு பிள்ளை உண்டு. அது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலே தாயின் வருகைக்காகக் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள்தான், ஆனால் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க அன்றும் மலையேறினாற்றான் கடைக் கடனில் ஒரு பகுதியாவது தீரும் என்றால், அவள் பிள்ளையின் கையைப் பிடிப்பாளா, கூடையை எடுப்பாளா? பிறர் வந்து பார்த்து மகிழும் அழகின் நடுவிலே வாழ்ந்துகொண்டு, அவ்வழகை ஓய்வோடு பார்க்க ஒரு நாளும் வாய்க்கப்பெறாதவர்கள் இவர்கள்.

இன்னொரு பிள்ளையையும் நினைப்போம். மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் தாயை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வரும் பிள்ளை அது. புதுச்சட்டை, வாடகை வான், வழியிலே ஒரு சோடா. அதற்கு நினைவிருக்கும் முதலாவது நெடும் பயணம் அதுவே. தாய் அங்கே வேறொருத்தியின் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிச் செல்வாள். 2013ஆம் ஆண்டிலே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் இவ்வாறு செல்வதை அரசு தடுத்தது. தாய்மையின் புனிதம் அப்போது பெரிதும் பேசப்பட்டது. 2022ஆம் ஆண்டிலே டொலர் வற்றியபோது அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளிலே குழந்தைகளுக்குத் தாய் தேவைப்படும் காலம் குறுகிவிட்டதா? திறைசேரியின் தேவையே பெருகியது. தடுத்தபோதும் சரி, தளர்த்தியபோதும் சரி, சொந்த ஊரிலேயே பிள்ளையோடிருந்து பிழைக்கக்கூடிய ஒரு வேலையைப் பற்றி அச்சுற்றறிக்கைகள் பேசவில்லை.

வடபுலத்திலே 'பயணம்' என்ற சொல்லே ஒரு தலைமுறைக்கு வேறு பொருளைத் தந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றது; யாழ்ப்பாண நிலையத்துக்கு அது மீண்டும் வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே. இடைப்பட்ட காலத்திலே பிறந்த பிள்ளைகள் புகையிரதத்தைப் பாடப்புத்தகப் படத்திலேதான் கண்டனர். 1995ஆம் ஆண்டின் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீதியிலே இறங்கி நடந்தபோது, குடும்பத்தோடு மேற்கொள்ளும் பயணம் என்பதற்கு அப்பிள்ளைகள் கண்ட பொருள் இடப்பெயர்வு என்பதே. அன்று தகப்பனின் சைக்கிளிலே மூட்டைகளுக்கிடையே அமர்ந்து வந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்கள் தம் பிள்ளைகளைக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று மணலிலே விளையாடவிடுவதை ஆடம்பரமென்று எவர் கூறத் துணிவார்? அச்சமின்றிப் போய் அந்திக்கு முன் அதே வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்பதை ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது சிறிய கல்வியா?

இனி, பயணத்துக்கு வாய்ப்புப் பெற்ற குடும்பங்களினுள்ளே பார்வையைச் செலுத்துவோம். கீரிமலைக்கோ தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கோ குடும்பம் புறப்படும் நாளிலே முதலில் எழுபவள் தாய். சோறு கட்டி, போத்தல்களில் நீர் நிரப்பி, மாற்றுடை மடித்து, மருந்தையும் மறவாமல் எடுத்து வைப்பவள் அவளே. போன இடத்திலே குழந்தை அழுதால் அவளிடமே கொடுக்கப்படும். திரும்பி வந்து அழுக்குத் துணிகளைத் துவைப்பவளும் அவளே. தகப்பனுடைய ஓய்வுநாள் தாயின் மேலதிக வேலைநாளாக இருக்குமானால் அதனைக் குடும்பத்தின் உல்லாசம் என்று எவ்வாறு அழைப்பது? இதிலே தந்தையின் குற்றம் மாத்திரமன்று, ஊரின் குற்றமும் உண்டு. குழந்தைக்குப் பாலூட்ட மறைவிடமும், கைகழுவ நீரும், ஒரு பெண் அருவருப்பின்றி நுழையக்கூடிய மலசலகூடமும் இல்லாத பஸ் நிலையங்கள் நம்மிடையே எத்தனை! பெரும் மண்டபங்களைத் திறந்துவைத்துப் பெயர்க்கல் நாட்டுவோர் இச்சிறு வசதிகளுக்குக் கல் நாட்ட விரும்புவதில்லை.

இப்போது, ஊர் சுற்றிக் கண்டதென்ன என்று கேட்ட பெரியோருக்கு விடை கூறலாம். வீட்டுக்குள்ளே பிள்ளை தன் குடும்பத்தை மட்டுமே காண்கிறது. வெளியே வரும்போதுதான் அது சமூகத்தைக் காண்கிறது. கண்டதும் கேள்வி கேட்கிறது. அக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையே அப்பிள்ளையின் முதலாவது அறநூல். அரை ரிக்கற்றுக்கும் தேறாத வயதென்று சொல்லிவிடும்படி மகனுக்குக் காதோடு கூறும் தகப்பன், சில ரூபாயை மிச்சப்படுத்துகிறான். ஆனால் தன் வயதைப்பற்றிப் பெருமைகொண்டிருந்த பிள்ளை, அப்பெருமையைவிடக் காசு பெரிது என்பதை அக்கணத்திலே அறிந்துகொள்கிறது. அதே தகப்பன் கர்ப்பிணியொருத்திக்கு இருக்கையை விட்டெழும்போது, பத்து நீதிக்கதைகள் கற்பிக்க முடியாததை அது அறிந்துகொள்கிறது.

இவற்றைவிடக் கடினமான கேள்வியொன்று உண்டு. கடற்கரையிலே பிள்ளைக்குக் கச்சான் வாங்குகிறோம். கச்சான் சரையை நீட்டுபவன் நம் பிள்ளையின் வயதையொத்த சிறுவன். "அந்த அண்ணா ஏன் விளையாடவில்லை?" என்று பிள்ளை கேட்கிறது. நம்மிற் பலர் கூறும் விடை இதுதான்: "படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் கச்சான் விற்க வேண்டி வரும்." அறிவுரை போன்று தோன்றும் இவ்வாக்கியம் ஒரு பொய். அச்சிறுவன் படிக்காததால் விற்கவில்லை; விற்கவேண்டியிருப்பதால் அவன் படிக்க முடியவில்லை. காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றி, அவனுடைய வறுமையை அவனுடைய குற்றமாக்கி விடுகிறோம். தொழில் செய்வதற்கான ஆகக் குறைந்த வயதை 2021இல் பதினாறாக உயர்த்திய சட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அச்சிறுவனின் வீட்டு அடுப்புக்கு விறகு அச்சட்டத்திலிருந்து வரவில்லை. நம் பிள்ளையோ அவனைக் கண்டு இரங்குவதற்கு மாறாக அவனைக் கண்டு அஞ்சவும், பின்னர் இகழவும் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது.

இக்கேள்வியின் மறுபுறமும் நம் மண்ணிலே உண்டு. சுற்றுலா என்ற சொல் வழங்குமுன்னரே நம் சிறுவர்களுக்கு வாய்த்த பெரும் உலா கோயில் திருவிழா. தகப்பனின் தோளிலிருந்து தேரைப் பார்ப்பதும், அம்மம்மா கொடுத்த காசில் விளையாட்டுப் பொருள் வாங்குவதும் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் அதே திருவிழாவிலே, சாதியின் பெயரால் வெளிவீதியிலே நிறுத்தப்பட்ட தகப்பனின் தோளிலும் ஒரு பிள்ளை இருந்தது. தேநீர்க்கடையிலே தனக்கு மட்டும் சிரட்டையோ போத்தலோ நீட்டப்பட்டபோது, "ஏன் எங்களுக்குக் கிளாஸ் இல்லை?" என்று அது கேட்டிருக்கும். "அது அப்படித்தான்" என்பதே தலைமுறை தலைமுறையாக அதற்குக் கிடைத்த விடை. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னும் அவ்விடை மாறவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளின் முன்னும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலிலும் அடிபட்டு நின்ற மனிதர்கள்தாம் அதனை மாற்றினர். தங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு விடை கூற வேண்டுமென்ற உறுதி அவர்களை அங்கு நிறுத்தியிருந்தது என்று கொள்வது தவறாகாது.

ஆகவே பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இரு கடமைகள் உண்டு என்போம். ஒன்று, கண்டதைக் கண்டபடி கூறுதல். "அந்த அண்ணாவின் வீட்டிலே காசு போதவில்லை, அவரும் விளையாட வேண்டியவர்தான், இது சரியான நிலைமையன்று" என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி கூறலாம். இதனாற் பிள்ளையின் மகிழ்ச்சி கெட்டுவிடுமென்று அஞ்சுவோர் பிள்ளைகளை அறியாதவர்கள். உண்மையைக் கேட்ட பிள்ளை சற்று மௌனமாக இருந்துவிட்டுத் தன் கச்சானிலே பாதியை அவனிடம் நீட்டக்கூடும். அம்மௌனத்துக்கு நாம் இடமளிக்க வேண்டும்.

மற்றையது, கூறிய சொல்லுக்கு உடந்தையாக நிற்றல். சரியான நிலைமையன்று என்று பிள்ளைக்குக் கூறிவிட்டு, மறுநாள் நம் வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வை மறுப்போமானால், பிள்ளை நம் சொல்லை மறந்து செயலையே கற்றுக்கொள்ளும். கட்டணமின்றி நுழையக்கூடிய பூங்காக்களை ஊர்தோறும் கேட்பதும், இருப்பவற்றை வணிக வளாகங்களுக்கு விட்டுக்கொடாமற் காப்பதும், தோட்டத் தாய்க்கும் தொழிற்சாலைத் தாய்க்கும் கூலி குறையாத ஓய்வுநாளைக் கோருவதும் தாய் தந்தையர் என்ற முறையிலேயே நமக்குரிய அரசியல். வணிக வளாகத்தினுள்ளே பிள்ளை தன்னை ஒரு வாடிக்கையாளன் என்று அறிகிறது; திறந்த திடலிலேதான் தன்னைப் பலருள் ஒருவன் என்று அறிகிறது.

உலகைப் பிள்ளைக்குக் காட்ட விரும்புகிறோம். காட்டும்போது அது நம் முகத்தைப் பார்த்து, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கும். அந்த வினாவுக்கு முகம் திருப்பாமல் விடை கூறக்கூடிய மனிதர்களாக நாம் வாழ்ந்தால், பஸ் ஏறிப்போய்க் கடலைப் பார்த்து வரும் ஒரு சாதாரண பின்னேரமும் பிள்ளைக்குப் பெருங்கல்வியாகும்.