ஐயகோ எனும் ஒரு சொல்

மண்ணுக்குள் இறங்கும் படிக்கட்டு. கல்லால் ஆன கனத்த கதவு. அதைத் தள்ளி உள்ளே சென்றால், சுவர் நிறைய முகங்கள்! கணவன் முகம், மனைவி முகம், காதணி பூண்ட கன்னி முகம், கையிலே திராட்சைக் கொத்தும் சிறு பறவையும் ஏந்திய குழந்தை முகம். முகங்களின் அருகே இரண்டு மூன்று வரி எழுத்து. இன்னார், இன்னார் மகன், இன்னார் பேரன். அதன்பின் ஒரே ஒரு சொல். ஐயகோ!

சிரியா நாட்டுப் பாலைவனத்தின் நடுவே, பல்மைரா எனும் பழைய நகரத்துக் கல்லறைகளிலே காணும் காட்சி இது. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், ஒட்டகச் சாத்துகள் வந்து தங்கி, பட்டும் நறுமணப் பொருளும் கைமாறிச் செழித்த நகரம். அரபு மக்கள் அதனைத் தத்முர் என்பர். ரோமப் பேரரசை எதிர்த்து நின்ற செனோபியா எனும் அரசியின் நகரம். 272இல் அவுரேலியன் எனும் பேரரசன் அவளை வென்றான். அரசியின் கதை உலகறிந்த கதை. நான் பேச வந்தது அவளைப் பற்றியன்று. அந்தக் கல்லறை வரிகளைப் படிக்கத் தெரிந்த ஒரு முதியவரைப் பற்றி. அவரை 2015 ஆகஸ்ட் 18ஆம் நாள் கொன்றார்கள்.

காலித் அல்-அஸ்அத் என்பது அவர் பெயர். (சிரியாவை ஆண்ட அசாத் குடும்பத்தின் பெயர்போல ஒலிக்கிறதே என்று மயங்க வேண்டா, அது வேறு, இது வேறு.) பிறந்த ஊர் தத்முர். அவர் பிறந்த காலத்தை ஒட்டித்தான், பெல் எனும் தெய்வத்தின் பழங்கோயில் மதிலுக்குள்ளே வீடு கட்டி வாழ்ந்துவந்த ஊர் மக்களை, அன்று ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் வெளியே குடியேற்றினார்கள். பாட்டன் அடுப்பெரித்த இடம் பேரனுக்குப் பழம்பொருட் காட்சியாக மாறிய ஊர் அது! டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு அவர் திரும்பி வந்தார். 1963இல் பல்மைராவின் தொல்பொருள் துறைக்குத் தலைவரானார். 2003 வரை, நாற்பது ஆண்டுகள், அந்தப் பொறுப்பிலே இருந்தார். போலந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த அறிஞர்களோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினார். அரமேய மொழியின், மறைந்துபோன பல்மைரா எழுத்தைப் படித்தார், பெயர்த்தார், நூல்கள் எழுதினார். 1980இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது பொறுப்பில் இருந்தவர் அவரே. மகள்களில் ஒருத்திக்குச் செனோபியா என்று பெயர் சூட்டினார்.

ஓய்வுக்குப் பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2015 மே மாதம் ஐ.எஸ். எனும் ஆயுதக் கூட்டம் நகரை நெருங்கியபோது, அருங்காட்சியகத்தார் நூற்றுக்கணக்கான சிலைகளை வண்டிகளில் ஏற்றி டமாஸ்கசுக்கு அனுப்பினர். சிலைகள் போயின, முதியவர் போகவில்லை. போகுமாறு மற்றவர் வேண்டியும் மறுத்தார். பிடித்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்தார்கள். புதையல் எங்கே, சிலைகள் எங்கே என்று கேட்டுத் துன்புறுத்தினார்கள் என்றும், அவர் வாய் திறக்கவில்லை என்றும் நாட்டின் தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த மாமூன் அப்துல்கரீம் உலகுக்கு அறிவித்தார். எண்பதைக் கடந்த அந்த மனிதரை ஊரின் பொது இடத்திலே, மக்கள் பார்க்க, தலை வெட்டினார்கள்.

உடலைக் கம்பத்திலே கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் ஓர் அட்டையும் மாட்டினார்கள். குற்றப் பட்டியல்! சிலைகளுக்குத் தலைவன், அயல்நாட்டு மாநாடுகளுக்குச் சென்றவன், ஈரானுக்குப் போய் வந்தவன், அரசின் ஆட்களோடு தொடர்புடையவன். ஒரு மனிதனின் எண்பது ஆண்டு வாழ்வை ஐந்தாறு வரியிலே அடக்கிவிட்டார்கள். கொன்றதோடு நில்லாமல் அவர் இன்னார் என்று எழுதும் உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். என் நெஞ்சை இன்றளவும் உறுத்துவது இதுதான். கத்தி ஒரு நொடியில் முடிந்தது; அட்டை முடியவில்லை. படமெடுத்துப் பரப்பினார்கள். இன்றைக்கும் அவர் பெயரைத் தேடுவோர் கண்ணில், கொலைகாரன் எடுத்த படமும் கொலைகாரன் எழுதிய வரியும் வந்து விழுகின்றன. கொல்லப்பட்டவரை நினைப்பதற்குக் கொன்றவனிடமா படம் கடன் வாங்குவது? நான் அந்தப் படத்தை விவரிக்கப் போவதில்லை.

ஆனால் அட்டையின் முதல் வரி நம்மைப் போன்றோரைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்கும் வரி. சிலைகளுக்குத் தலைவன் என்றானே! கல்லைக் கும்பிடாதே என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். 1953இல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தது நாடறிந்த செய்தி. “சிலையை உடைக்கிறவன்தானே நீயும்? அவனுக்கும் உனக்கும் என்ன வேறுபாடு?” என்று ஒருவர் கேட்டால், முகம் சுளிக்காமல் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். காசு கொடுத்து வாங்கிய களிமண் பொம்மையை, நாள் குறித்து, ஊரறிய அறிவித்து உடைத்தவர், உடைத்ததற்குக் காரணத்தையும் சொன்னார். மறுப்போர் மறுக்கலாம், வழக்குத் தொடரலாம், தொடர்ந்தார்கள். கும்பிட்டவன் தலைமேல் அங்கே எவரும் கை வைக்கவில்லை. பல்மைராவிலோ, பொம்மையைப் பற்றிய வாதமே நடக்கவில்லை. அந்த முதியவர் பெல்லையும் பால்ஷமினையும் கும்பிட்டவரும் அல்லர். அந்தத் தெய்வங்களைக் கும்பிட்ட கடைசி மனிதன் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவர் அந்தக் கல்லைப் படித்தார். படிப்பதைப் பூசையென்று எண்ணியவனுக்கு அந்த வேறுபாடு விளங்க வழியில்லை. அவர் மறைந்த அதே ஆகஸ்டில் பால்ஷமின் கோயிலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடுத்துப் பெல் கோயில். அடுத்துக் கல்லறைக் கோபுரங்கள்.

இனி, அவரைப் போற்றியவர்களிடம் வருகிறேன். போற்றியவர்களிலும் குறை காண்பதா என்று தோழர்கள் கோபிக்கலாம். கண்டுதான் ஆக வேண்டும்.

“கற்களுக்காக உயிர் கொடுத்த தியாகி” என்றார்கள். இத்தாலி நாட்டு அருங்காட்சியகங்கள் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டன. நல்ல செயல், நன்றிக்குரியது. எனினும் அந்தப் பாராட்டில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. அவராகவா உயிரைக் கொடுத்தார்? பறித்தார்கள்! ஊரில் இருந்தது அவர் விருப்பம். சொன்னபடி, பேசாதிருந்தது அவர் உறுதி. செத்தது மட்டும் அவர் செயலன்று. அதைத் தியாகம் என்று அழகுபடுத்தும்போது, கொலைகாரன் கை கதைக்குள்ளே மெல்ல மறைந்துவிடுகிறது. கோயிலைக் காக்கச் சாக வேண்டும் என்று எந்த முதியவரிடமும் கேட்கும் உரிமை உலகத்துக்கு இல்லை. வண்டியில் ஏறிச் சென்று டமாஸ்கசில் ஒரு திண்ணையிலே நூல் படித்துக்கொண்டு தொண்ணூறு வயதில் மறைந்திருந்தால், அவர் மதிப்பு ஓர் இம்மி குறைந்திருக்குமா?

அரசும் போற்றியது. 2016 மார்ச்சில் நகரம் மீண்டது. மே 5ஆம் நாள் ரஷ்ய இசைக்குழு ஒன்று அங்கே வந்து, பழைய ரோம அரங்கிலே இசை விருந்து நடத்தியது. முதியவர் பெயரும் நினைவுகூரப்பட்டது. அதே அரங்கின் மேடையில்தான், முந்தைய ஆண்டு, இருபத்தைந்து படைவீரர்களை வரிசையாக மண்டியிட வைத்துச் சிறுவர்கள் கையிலே துப்பாக்கி கொடுத்துச் சுடச் செய்தனர். அரங்கிலிருந்து தொலைவில் இல்லை, தத்முர் சிறை. 1980 ஜூன் 27ஆம் நாள் அரசின் சொந்தப் படையே சிறைக்குள் புகுந்து கைதிகளைச் சுட்டுத் தள்ளியது. ஐந்நூறு என்பர் சிலர், ஆயிரம் என்பர் சிலர். தூண்கள் உலக மரபாக ஏற்கப்பட்ட அதே 1980! அந்தக் கைதிகளுக்காக எந்த இசைக்குழுவும் வரவில்லை. ஐ.எஸ். கூட்டம் 2015 மே மாத இறுதியில் அந்தச் சிறையையும் வெடி வைத்துத் தகர்த்தது. சித்திரவதைக்குச் சான்றான சுவர்களும் போயின. முதியவர் பெயரைத் தன் கொடியிலே தைத்துக்கொள்ளப் பார்த்த அந்த ஆட்சியும் 2024 டிசம்பரில் வீழ்ந்தது.

அவர் அரசுப் பணியாளர். ஆளும் கட்சியைச் சார்ந்தவர் என்றும் எழுதினார்கள். இருக்கட்டுமே! ஆயுதம் ஏந்தாத முதியவர் அவர். அவருக்காக வருந்துமுன், அவர் கட்சிச் சீட்டைப் பார்க்க வேண்டுமா? பார்த்துத்தான் வருந்துவேன் என்பவன், அட்டை மாட்டியவனிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறான்?

இங்கேதான் அந்தக் கல்லறை வரிகள் எனக்கு வழி காட்டுகின்றன. நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்தவனுக்குக் கல். பெயரோடு அவன் வீரமும் சேர்த்து. பெருமைக்குரிய மரபு, மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் வேலின்றி வீழ்ந்தவனுக்கு? மாடு மேய்க்கச் சென்று இடையிலே மாட்டிக்கொண்டவனுக்கு? நீர் எடுக்கப் போனவளுக்கு? வீரம் எழுதும் கல்லில் அவர்களுக்கு என்ன எழுதுவது? பல்மைராக் கல்தச்சன் இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கிறான். கல்லறை முகங்களின் அருகே அவன் பெரும்பாலும் புகழ் எழுதவில்லை. நல்லவன் வல்லவன் என்று நற்சான்று தரவில்லை. எப்படிச் செத்தான் என்றுகூடச் சொல்லவில்லை. யார், யார் பிள்ளை, ஐயகோ. அவ்வளவே! செல்வனுக்கும் அதுதான், பச்சிளங் குழந்தைக்கும் அதுதான்.

அந்த முதியவர் நாற்பது ஆண்டுகள் செய்த வேலை என்ன? தன் மதத்தவரல்லாத, தன் மொழி பேசாத, தன்னை வந்து வாழ்த்தவோ நன்றி கூறவோ இயலாத மனிதர்களின் பெயரைத் தூசு துடைத்து வாய்விட்டுப் படித்ததுதானே? ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன் மாண்ட ஒரு குழந்தைக்காக, அதன் தாய் சொன்ன ஐயகோவை, 1960களில் ஒருவர் மீண்டும் ஒருமுறை சொன்னார்.

2022 ஜூன் மாதம் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரை சிரியப் போரில் மாண்ட பொதுமக்கள் 3,06,887 பேர் என்பது மதிப்பீடு. இதில் 1,43,350 பேருக்கு முழுப் பெயர் உண்டு. மாண்ட நாள் உண்டு. மாண்ட இடம் உண்டு. எஞ்சிய 1,63,537 பேரோ கணிதம் கண்ட மாந்தர். இத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று புள்ளியியல் சொல்கிறது.

“இத்தனை இலட்சம் பேர் மாண்டிருக்க, ஒரு முதியவருக்கு மட்டும் ஏன் இந்தக் கண்ணீர்? அவர் அருகே அழகிய தூண்கள் இருந்ததாலா?” என்று கேட்ட சிரியர்கள் உண்டு. கேட்டது நியாயம். தூணைப் பார்த்து அழுதவர்களும் இருந்தார்கள். கோயில் விழுந்த செய்திக்கு வந்த கூக்குரல், குண்டு விழுந்த ரொட்டிக் கடைக்கு வரவில்லை. ஆனால் அதற்கு மாற்று, அவருக்காக அழுவதையும் நிறுத்துவதா? அந்த 1,43,350 பெயர்களைத் திரட்டியவர்கள் வேறு முடிவு செய்தார்கள். குண்டு விழுந்த தெருக்களில் அலைந்து, தாயைக் கேட்டு, அண்டை வீட்டாரைக் கேட்டு, மருத்துவமனைத் தாளைப் பார்த்து, பெயர், நாள், இடம் என்று எழுதினார்கள். எழுதியதற்காகத் துன்புற்றவரும் அவர்களில் உண்டு. முதியவர் கல்லிலே படித்ததை அவர்கள் தாளிலே எழுதினார்கள். கல்தச்சன் வேலைதான் இரண்டும்.

2021 பிப்ரவரியில் பல்மைராவுக்குக் கிழக்கே ஓரிடத்தில் மூன்று உடல்களின் எச்சம் கிடைத்ததாகவும், அவற்றுள் ஒன்று காலித் அல்-அஸ்அத்துடையதாக இருக்கலாம் என்றும், மரபணுச் சோதனை செய்யப்படும் என்றும் சிரிய அரசு அறிவித்தது. செய்தி ஏடுகள் அவர் பெயரைத் தலைப்பிலே போட்டன. எஞ்சிய இரண்டு உடல்களைப் பற்றி எழுதியது ஒரே வரி: அவற்றோடு கிடைத்தவை. அந்த இருவரும் யார் பிள்ளைகளோ!