தொட்டிலில் போனவர் எழுந்து நடந்தார்



கொல்லம் 1008 மாசி 20-ஐ அவதார தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தப் பகுதி திருஏடு வாசிப்பில் வரும்போது பெற்றவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நோயில் கிடந்த முத்துக்குட்டிக்கு இருபத்து நாலு வயது. தொட்டில் கட்டித்தான் திருச்செந்தூருக்குச் சுமந்து போனார்கள். சுமந்து கொண்டுபோனவர் தாமே எழுந்து நடந்து கடலுக்குள் போய்விட்டார். தாய் வெயிலாள் அழுதாள். மூன்று நாளும் கரையைவிட்டுப் போகவில்லை. வெளியே வந்தவரைக் கட்டியணைக்க ஓடினாள். தாம் இனி அவளுக்கு மகன் அல்ல, நாராயணருக்கே மகன் என்று அய்யா உரைத்தார். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

இருபத்து நாலு வயதில் தொட்டில் நோய்க்காகக் கட்டியது. நாம் நோயில்லாத பிள்ளைக்கும் கட்டுகிறோமே!

என்னையே சொல்கிறேன். தெற்கேயிருந்து மாமல்லபுரத்துக்குக் கடை வைக்க வந்தவன் நான். பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்று மகனைக் கல்லாவில்கூட உட்கார விட்டதில்லை. பள்ளிக்கூடம் முடியும்வரை நானே வண்டியில் கொண்டுவிட்டேன். செங்கல்பட்டில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்தான்: "அப்பா, எந்த பஸ்ல ஏறணும்?" பக்கத்தில் நிற்பவரிடம் கேளடா என்றேன். பேச்சே இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை அழுதான். அவன் நாவைக் கட்டிப்போட்டது நான்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதே மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துப் பெண் கமலி மூர்த்தி. ஸ்கேட்போர்டிலும் அலைச்சறுக்கிலும் பெயர் எடுத்தவர். தாய் சுகந்தி சிறுவயதில் தடுத்தே வளர்க்கப்பட்டவர். தம் மகளைத் தடுக்கவில்லை. அவர்கள் கதையைச் சொல்லும் 'கமலி' குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. உடனே நீச்சல் தெரியாத பிள்ளையை இங்கே கடலில் இறக்கிவிடாதீர்கள். இந்தக் கடலின் இழுப்பு பெரியவர்களையே கொண்டுபோகும். அது கடலோடு பிறந்து வளர்ந்த குடி.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தது எழுநூறு குடும்பம். குடும்பம் என்றால் பிள்ளைகளும் சேர்த்திதானே? நம் நிழல்தாங்கலில் பணிவிடைக்குத் தண்ணீர் எடுக்கப் பிள்ளை குடத்தைத் தொட்டாலே "வேண்டாம் மக்கா, நான் எடுக்கேன்" என்று பிடுங்குகிறோம். சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிறு உச்சிப்படிப்புக்கு என் மகன் செங்கல்பட்டிலிருந்து தனியே பஸ் ஏறி வருகிறான். போன் செய்யக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெயிலாளும் கரையில் நின்றவள்தானே.