ஓடத்தில் இருவர்

கதை எழுதிப் பிழைக்கிறவன் "நான் ஒரு பொய் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டால் வாசகர்கள் சிரிப்பார்கள். அதுதானே உங்கள் தொழில் என்பார்கள். நான் சொல்ல வந்த பொய் கதையில் சொன்னதல்ல. ஒரு தாளில், ஒரு கேள்விக்கு எதிரே, "இல்லை" என்று எழுதிய ஒற்றைச் சொல்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் கனடாவில் டொராண்டோ நகரத்துப் பக்கம் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்குகிற சமயம். மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்களும் ஆல்கான்குவின் வனத்துக்குப் போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவதென்று திட்டம் போட்டார்கள். 1893-ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட வனம் அது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள். தென்பகுதியில் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதை விட்டு உள்ளே போக வேண்டுமானால் 'கனூ' என்னும் ஒல்லியான ஓடம்தான் வாகனம். அந்த மண்ணின் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையால் செய்த ஓடம். இன்று வேறு பொருள்களில் செய்கிறார்கள், வடிவம் மாறவில்லை. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரிக்குப் போக, ஓடத்தைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். எனக்கு அறுபத்து நான்கு வயது. "நானும் வருகிறேன்" என்றேன்.

பிரயாணத்தைவிடப் பிரயாண ஏற்பாட்டில் ருசி அதிகம். மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தோம். ஒரு தங்குமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது என்பது வனத்தின் விதி; நாங்கள் எட்டுப் பேர். உணவைத் தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது இன்னொரு விதி. ஊறுகாய் என்ன ஆவது? அரைமணி நேரம் அதற்கே போயிற்று. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றலாம் என்று முடிவானபோது ஒருவர், அதையும் இரவில் கயிறு கட்டி மரக்கிளையில் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் கரடி மோப்பம் பிடித்து வரும் என்றார். மாவடுவைத் தேடிக் கரடி வருவதை நினைத்து எல்லாரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நீந்தத் தெரியுமா? துடுப்புப் போட்டுப் பழக்கம் உண்டா? உடம்புக்கு ஏதாவது உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா? எது உங்களுக்குப் பயம்?

எனக்குச் சில மாதங்களாகத் தலைசுற்றல். திடீரென்று திரும்பினால் தரை சாய்வதுபோல இருக்கும். மாத்திரை சாப்பிட்டு வந்தேன். மூன்றாவது கேள்விக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வேண்டிய சமயத்தில் குறள் ஞாபகம் வரத் தவறுவதில்லை. அவர் போட்ட "குற்றமற்ற" என்ற நிபந்தனைதான் எப்படியோ நழுவிவிடுகிறது.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். அவர் எழுதியதை மறைக்காமல் வாய்விட்டே சொன்னார்: "எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணியெண்டாப் பயம். ஆனா வர விருப்பம்."

மேஜையைச் சுற்றி ஒரு சங்கடமான மௌனம். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தது ஒப்பியாங்கோ ஏரி. அந்த வனத்திலேயே பெரியது. காற்று கிளம்பினால் அலை எழும்பும். இலையுதிர்காலத்துத் தண்ணீரின் குளிர் வேறு. மானிடோபா பல்கலைக்கழகத்து கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற அறிஞர் இதற்கொரு கணக்குச் சொல்லிவருகிறார். கடுங்குளிர் நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்கி நிதானப்பட ஒரு நிமிஷம். கைகால் உருப்படியாக வேலை செய்வது பத்து நிமிஷம். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். நீச்சல் தெரிந்தவனுக்கும் இதே கணக்குத்தான். அதே வனத்துக் கனூ ஏரியில் டாம் தாம்ஸன் என்ற ஓவியர் 1917 ஜூலை 8-ஆம் தேதி தனியாக ஓடத்தில் போனார். கவிழ்ந்த ஓடம் முதலில் கிடைத்தது. உடல் எட்டு நாள் கழித்து. ஓடத்தில் கைதேர்ந்தவர் அவர், காலமும் கோடைக்காலம்.

பொறியாளராக இருக்கும் நண்பர் சொன்னார்: "அடுத்த கோடையில் இவரைக் கூட்டிப் போகலாமே." பள்ளி ஆசிரியையாக இருக்கும் அம்மையார் விடவில்லை. "பயத்தைத் தெரிந்துகொண்டுதானே வருகிறேன் என்கிறார்? அவர் உயிர், அவர் இஷ்டம். தடுக்க நாம் யார்?"

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு பாலம் வருகிறது. இடிந்துவிழக்கூடிய பாலம் என்று அறியாமல் ஒருவன் காலெடுத்து வைத்தால் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து வரலாம் என்கிற அளவில் மட்டும் இருந்தால், எச்சரித்துவிட்டு விட்டுவிட வேண்டும். போவதும் நிற்பதும் அவன் பாடு. ஆசிரியையின் கட்சி கிட்டத்தட்ட இதுதான். எனக்கும் வெகுகாலமாகப் பிடித்த கட்சி. ஆனால் பாலத்தில் ஒருவன் நடந்தான். கனூவில் இருவர் உட்காருகிறார்கள். ஒருவர் பதறி ஒருபக்கம் சாய்ந்தால் மற்றவரும் தண்ணீரில்தான். "என் உயிர், என் இஷ்டம்" என்ற வாக்கியத்தை ஓடத்தில் ஏற்ற முடியாது.

இதைத்தான் அழகாக எடுத்துச் சொன்னேன்! எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்காளர் ஒன்றும் பேசவில்லை. "பரவாயில்லை ஐயா" என்று எழுந்து, காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் காப்பிக் கோப்பைகளை எடுத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். குளியலறை அலமாரியில் என் மாத்திரைப் பெட்டியை அவள் பார்த்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அன்றிரவு தூக்கமில்லை. என் வாதத்தில் ஓட்டை இல்லை; அதுதான் வேதனை. ஓடத்தில் என் அபாயம் பிறர் அபாயமும்தான் என்றால், அது முதலில் யாருக்குப் பொருந்தும்? நீச்சல் தெரியாதவருக்கு லைஃப் ஜாக்கெட் போடலாம், தேர்ந்த துணையோடு உட்கார வைக்கலாம், கரையோரமாகப் போகலாம். தெரிந்த குறைக்கு ஏற்பாடு உண்டு. நடு ஏரியில் எனக்குத் தலை சுற்றினால், என் முன்னால் துடுப்புப் போடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? உண்மை சொன்னவர் கூண்டில் நின்றார். பொய் சொன்னவன் நீதிபதிகளோடு உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றும் உறைத்தது. இந்த ஒரு தீர்ப்பைப் பார்த்த பிறகு, அடுத்த முறை அந்தத் தாளில் யார் உள்ளதை எழுதுவார்கள்?

காலையில் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "இதை நேற்றே சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருக்க மாட்டாரே, மாமா" என்றார்.

அதன் பிறகு திட்டம் மாறியது. ஒப்பியாங்கோ வேண்டாம், கரையை ஒட்டியே போய்ச் சேரக்கூடிய சிறிய ஏரி போதும் என்று ஆயிற்று. பொறியாளர் முணுமுணுத்தார், அவர் இரண்டு வருஷமாக அந்தப் பெரிய ஏரியைக் கனவு கண்டவர். அவர் இழப்பும் இழப்புத்தான். நான்கு ஓடத்துக்குப் பதில் மூன்று. அதில் ஒன்றில் நடுவே, தரையோடு தரையாக, துடுப்பில்லாமல் மூட்டையைப் போல என்னை உட்கார வைப்பது. அதுவும் மருத்துவர் சம்மதித்தால்.

மாப்பிள்ளை கணக்காளருக்கு ஃபோன் செய்தார். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சு. ஃபோனை வைத்தபோது மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பா சங்கடமா என்று தெரியவில்லை.

"வருகிறாராம்."

"வேறென்ன சொன்னார்?"

"'ஐயா வாறதில எனக்கொரு பிரச்சினையும் இல்லை. ஆனா அவர் இருக்கிற தோணியில மட்டும் என்னை ஏத்தாதேங்கோ' என்றார், மாமா."