வெற்றியில் பங்கு கேட்பவர்கள்

ஒருவர் உலக அரங்கில் பெயர் எடுத்துவிட்டால் அவரை "எங்கட பிள்ளை" என்று சொல்லாத ஊர் இல்லை. ஊர் சொல்லி முடிந்ததும் இனம் சொல்லும், பிறகு நாடு சொல்லும். அப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் உரிமை கொண்டாடும் இடத்தில் கடமையும் இருந்தாக வேண்டும். வெற்றிக்கு முன் அந்த மனிதருக்காகத் துரும்பையும் அசைக்காத, சில வேளை இடைஞ்சலாகவே இருந்த சமூகம் வெற்றிக்குப் பின் அவரில் பங்கு கேட்பது அறமாகுமா?

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தர்ஜினி சிவலிங்கத்தின் விளையாட்டு வாழ்க்கையே போதும். புன்னாலைக்கட்டுவனை ஒட்டிய ஈவினை அவருடைய ஊர். உயரம் 208 சென்ரிமீற்றர். அதாவது ஆறடி பத்து அங்குலம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் சூட்டராக 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்றார். அதன் பின் ஒன்பது ஆண்டுகள் இலங்கைக்கு அந்தக் கிண்ணம் கைகூடவில்லை. 2018இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69 - 50 என வென்ற அணியிலும், 2022இல் அதே அணியை 63 - 53 என வென்ற அணியிலும் அவர் இருந்தார். இடையே மெல்பேணில் கழக மட்டத்திலும் ஆடினார். 2023இல், நாற்பது வயதைக் கடந்த நிலையில், கேப் டவுன் உலகக் கிண்ணத்தோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

அவருடைய சாதனையைக் குறைத்து மதிப்பிட விரும்புபவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "அந்த உயரம் இருந்தால் யாரும் போடலாம்." உயரம் பிறப்போடு வந்தது, தேடிச் சேர்த்ததல்ல, தேடிச் சேர்க்காததற்கு ஏன் பாராட்டு என்பது இதன் உட்பொருள். ஆட்டத்தின் விதிகளைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களின் ஆட்டமாக உருமாறியதே வலைப்பந்தாட்டம். இரண்டிலும் வளையத்தின் உயரம் 3.05 மீற்றர்தான். ஆனால் வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. கூடைப்பந்தில் சற்றுக் கோணம் தவறிய பந்தையும் பலகை தட்டி உள்ளே அனுப்பும். இங்கே தவறினால் தவறியதுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. தரையில் தட்டித் தட்டி முன்னேறவும் முடியாது. பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டாக வேண்டும். தலைக்கு மேலே வரும் பந்தைப் பிடித்து, ஊன்றிய காலை இழுக்காமல், கை நீட்டித் தடுக்கும் தடுப்பாளருக்கு எதிரில் நிலைகுலையாமல் திரும்பி எறிய வேண்டும். இதை இருபதாவது வயதில் செய்வது ஒன்று, நாற்பதுக்கு மேல் செய்வது வேறு. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் இலங்கை பதினாறு அணிகளுள் பதினைந்தாவதாக வந்தது. அந்தத் தொடரிலேயே மிக அதிகமாக, 348 கோல்களைப் போட்டவர் தர்ஜினி. தோற்றுக்கொண்டிருந்த அணியில் நின்று அந்த எண்ணிக்கையை எட்டியதை உயரத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அந்த வாதத்தைப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், அது சொல்பவருக்கே எதிராகத் திரும்புகிறது. உயரம் வெறும் அதிர்ஷ்டம் என்றால் அதில் ஊருக்கும் இனத்துக்கும் நாட்டுக்கும் எந்தப் பங்கும் இல்லை. சாதனைக்குக் காரணம் உழைப்பு என்றால் உழைத்தவர் அவர். இரண்டு வழியிலும் பார்த்தால், மற்றவர்கள் எதைச் செய்தார்களோ அதற்கு மட்டுமே அவர்கள் பங்கு கேட்க முடியும்.

அப்படி என்ன செய்கிறோம்? வலிகாமத்தின் செம்மண் கிராமம் ஒன்றில், வகுப்பிலேயே உயரமான பிள்ளையாக ஒரு பெண் வளர்வதை நினைத்துப் பார்க்கலாம். தரம் எட்டிலேயே கடைசி வாங்குக்கு அனுப்பப்படுவாள். மினிபஸ்ஸில் தலையைச் சரித்து நிற்பாள். நடத்துநரும் ஒரு பகிடி விடுவார். "நெட்டை", "பனை" என்று பட்டப்பெயர் விழும். வீட்டுக்கு வருகிற உறவுகள், "இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடப்போறியள்?" என்று அவள் காதுபடவே கேட்கும். விளையாட்டு ஆசிரியர் ஒருவர் அவள் கையில் பந்தைக் கொடுத்தால் அது நல்ல காலம். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று படி ஏறும்போது சாதாரணதரப் பரீட்சை வந்து நிற்கும், பிறகு உயர்தரம். ரியூசன் நேரத்தில் மைதானத்தில் நிற்பது குற்றமாகும். பெண்பிள்ளை தூர இடத்துக்குப் போய்த் தங்கி விளையாடுவதென்றால் வீட்டைவிட ஊர்தான் அதிகம் கவலைப்படும். உயரத்தைக் குறையாகப் பார்த்துப் பழகிய அதே வாய்கள்தான், கிண்ணம் வந்த மறுநாள் அந்த உயரத்தை மண்ணின் பெருமை என்கின்றன. தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தாமும் இழுத்ததாகச் சொல்வது போன்றது இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009இல் ஆசியக் கிண்ணம் வென்றபோது வடக்கின் நிலை என்ன? போர் அந்த ஆண்டு மே மாதத்தில் முடிந்திருந்தது. இலட்சக்கணக்கானோர் முகாம்களில் இருந்தார்கள். இழப்பைத் தவிர எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத காலத்தில், தமிழ்ப் பெயர் ஒன்று வெற்றிச் செய்தியில் வந்தபோது மனம் பூரித்தவர்களிடம் போய், "உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்பது கொடுமை. அந்தப் பூரிப்பு யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. 2022 செப்டெம்பர் 11 அன்று இலங்கை துபாயில் கிரிக்கெட் ஆசியக் கிண்ணத்தையும் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்டக் கிண்ணத்தையும் ஒரே நாளில் வென்றபோது, பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த நாடு மகிழ்ந்ததும் அப்படித்தான். மகிழ்வதற்கு அனுமதிச்சீட்டுத் தேவையில்லை.

சிக்கல் வருவது மகிழ்ச்சி கோரிக்கையாக மாறும்போது. ஒரு தமிழ்ப் பெண் இலங்கைச் சட்டையில் வென்றால், நாட்டில் இனப்பிரச்சினையே இல்லை என்பதற்கு அவரைச் சாட்சியாக நிறுத்த ஒரு தரப்புக்கு ஆசை வரும். அந்தக் கொடியின் கீழ் ஏன் ஆடினார் என்று விளக்கம் கேட்க மறுதரப்புக்கு ஆசை வரும். இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் செய்வது ஒன்றையே: ஒரு மனிதரைத் தங்கள் வழக்கின் சான்றுப்பொருளாக்குவது. ஆட்சியாளரும் கட்சிகளும் பல பத்தாண்டுகளாகத் தீர்க்காத கணக்கை, வளையத்தில் பந்து போடுபவர் தீர்க்க வேண்டும் என்பது எந்த வகை நியாயம்? அவர் தாமாகவே முன்வந்து பேசினால் அது அவர் உரிமை. பேசாதிருந்தாலும் அது அவர் உரிமையே.

உரிமை கொண்டாடப்படுபவர் தாமே மனமுவந்து கொடுத்தால்? அதற்குக் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. தென் சூடானின் டிங்கா இனத்தவரான மனூட் போல், ஏழடி ஏழு அங்குல உயரத்தோடு 1985 முதல் அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் ஆடினார். ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதியைப் போரில் சிதைந்த தம் மக்களுக்கே கொடுத்தார். ஓய்வுக்குப் பின் கையில் காசில்லை. சூடான் பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவதற்காகத் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை மேடை ஏறினார்; ஐஸ் ஹொக்கி அணியொன்றில் சேர்ந்தார். அவருடைய உயரத்தைப் பார்த்துச் சிரிக்கவே சனம் வருகிறது என்று தெரிந்தும், அந்தச் சிரிப்பைக் காசாக்கி அனுப்பினார். 2010இல், நாற்பத்தேழு வயதில் இறந்தார். அவருடைய கொடை உயர்ந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவருடைய கொடை எத்தனை உயர்ந்ததாயினும், பெற்றுக்கொண்டவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் அவருக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி அதனால் அழிந்துபோவதில்லை.

ஆகவே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தவர் வெற்றியில் மகிழ்வது எல்லோருக்கும் பொது. அந்த வெற்றியில் பங்கு கேட்பதோ, செலவு செய்தவர்களுக்கு மட்டும் உரியது. முன்பு பந்து கொடுத்த ஆசிரியர், வாய்க்குப் பயப்படாமல் அனுப்பிய பெற்றோர், பஸ் காசு சேர்த்துக் கொடுத்த பழைய மாணவர் என்று எந்த வீராங்கனைக்கும் சிலர் இருப்பார்கள். ஊர் முழுவதும் அந்தச் சிலரின் பெயரால் பங்கு கேட்க முடியாது.

மற்றவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. பிந்திக் கொடுத்தாலும் கடன் கடன்தான். பொன்னாடையும் மாலையும் மேடைப்பேச்சும் அதற்கு வட்டியாகக்கூடக் காணாது. ஓய்வு பெற்ற வீராங்கனையைப் பரிசளிப்பு விழாவின் பிரதம விருந்தினராக மட்டும் கூப்பிடாமல், மாகாண மட்டப் பயிற்சியை எப்படி அமைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்கு ஓர் இடம் கொடுக்கலாம். பாடசாலை மைதானத்தில் வலைப்பந்துத் திடலைச் செப்பமாக வைத்திருக்கலாம். பரீட்சை ஆண்டில் விளையாடும் பெண்பிள்ளையைப் பிடித்து நிறுத்தாமல் இருக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாதவர்கள் அடுத்த கிண்ணம் வரும்போது கைதட்டலாம், தாராளமாக மகிழலாம். அதற்கு மேல் கேட்க அவர்களிடம் நியாயம் இல்லை.