அண்ணி முகத்தில் வந்த அருள்

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷன் பக்கம் போனால் வள்ளூர் அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் கண்ணில் படும். தலா 500 மெகாவாட்டில் மூன்று அலகுகள். பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைகளிடம் இந்த வட்டாரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அடுத்து என்னப்பா?" கான்ட்ராக்ட் வேலையா, மேல்படிப்பா? பதில் இல்லாதவன் பொழுது சாய்ந்த பிறகும் வீடு திரும்பத் தயங்குகிறான்.

அப்படித் தயங்கிய ஒரு பிள்ளையை இந்த வட்டாரம் அறியும். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர் (பின்னாளில் வள்ளலார்), தந்தை இறந்தபின் தாயின் ஊரான சின்னக்காவணத்துக்கு வந்தார். பொன்னேரியை ஒட்டிய ஊர் அது. பிறகு குடும்பம் சென்னை ஏழுகிணறுக்குப் போனது.

பள்ளியில் மனம் ஒட்டவில்லை; கோயிலே கதி என்று கிடந்தார். புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கிய அண்ணன் சபாபதி, அவனுக்குச் சோறு போடாதே என்று மனைவியிடம் கண்டித்துச் சொன்னார். அண்ணி பாப்பாத்தி அம்மாளோ கணவருக்குத் தெரியாமல் சோறிட்டார். அவர் கண்ணீருக்கு இணங்கித்தான் இராமலிங்கர் வீட்டில் தங்கிப் படிக்கச் சம்மதித்தார் என்கின்றன வரலாற்று நூல்கள். மாடியில் ஓர் அறை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு விளக்கு: அவர் கேட்டது அவ்வளவே.

பன்னிரண்டு வயது தொடங்கி ஏறத்தாழ 23 ஆண்டுகள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தார். ஒருநாள் நேரமாகிவிட்டது, வீட்டாரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி எழுப்பி உணவு தந்தார். சற்று நேரத்தில் கதவு திறந்து அண்ணி மறுபடி சாப்பிடக் கூப்பிட்டார்! முதலில் வந்தவள் அந்தக் கோயிலின் வடிவுடையம்மன் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அம்மன் ஏன் அண்ணியின் முகத்தோடு வர வேண்டும்? நம்பிக்கை இல்லாதவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. என்ன ஆகப் போகிறாய் என்று கேட்காமல் இலை போட்ட முகம் அது. அந்தப் பிள்ளை அருளை அடையாளம் காண, அதைவிடத் தெரிந்த முகம் வேறு இருந்திருக்காது.

பிள்ளைப் பருவத்துக்கும் பொறுப்புக்கும் நடுவே, தன்னைத் தேடிக்கொள்ள இளைஞருக்குச் சமூகம் தரும் அவகாசத்தைப் பற்றி உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதினார். ஏழுகிணற்று மாடியறை அப்படியோர் அவகாசம். வசதியுள்ள வீடுகளில் அது கல்லூரிக் காலமாகக் கிடைக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அதை யாராவது மனமறிந்துதான் ஒதுக்கித் தர வேண்டும்.

அந்த அவகாசத்தில் கவனிக்க வேண்டியது மனநலத்தையும்தான். அது நோயில்லாமை மட்டுமல்ல. வாழ்வின் அழுத்தங்களைத் தாங்கி, உழைத்து, ஊருக்கும் உதவக்கூடிய நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கம் கெட்டு, பேச்சு நின்று, உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் சோறும் கோயிலும் மட்டும் போதாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

திண்ணையில் பசித்துப் படுத்த அந்தப் பிள்ளை, 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியோடு வருகிறவரிடம் சாதி, மதம் எதுவும் கேட்காமல் அங்கே முதலில் இலை போடுகிறார்கள்.