செய்தவரும் செய்வித்தவரும்

மதுரை மாட்டுத்தாவணி 1999ஆம் ஆண்டு முதல் பேருந்து நிலையத்தால் அறியப்படுகிறது. பெயர் மட்டும் பழைய தொழிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. கயிற்றின் பெயரே சந்தைக்கும் ஆயிற்று. நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் பல்லையும் சுழியையும் நடையையும் பலர் காண ஆராய்வர். விலையை மட்டும் ஒரு துண்டுக்கடியில் விரல் தொட்டுப் பேசுவர். தன் பொருள் தாழ்வாக மதிக்கப்பட்டதை நாலு பேர் அறியாதிருக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு நாகரிகம் உண்டு.

கைவேலைப் போட்டியில் முதலிடம், இரண்டாமிடம் என்பது ஊரறியச் சொல்லப்படுவது. துணித் துண்டுகளை இணைத்து, இடையே பஞ்சு வைத்து, நெருக்கத் தையலிட்ட போர்வையைக் குவில்ட் என்கின்றனர். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கிய நம் பாட்டிமார்களுக்கு இது புதிதன்று. இவ்வேலைக்கென்றே 2019ஆம் ஆண்டு சென்னையில் விழா ஒன்று நடைபெற்றது. நம் இல்லத்துப் பெண்களும் இத்தகைய போட்டிகளுக்குத் தம் வேலையை அனுப்ப விரும்புகின்றனர். பெரியோர் சிலரோ, “போட்டி மானத்தை வளர்க்கும், இல்லறத்தார்க்கு அது தகுமா?” என்று தயங்குகின்றனர்.

அவ்வையம் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும், குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானத்திற்கு மட்டும் காவல் வைத்துவிட்டு, அதற்கு அடுத்து நிற்கும் மாயையை உள்ளே விட்டுவிடலாகாது. போட்டியில் நாம் அஞ்ச வேண்டியது மாயைக்கே என்பது நம் கருத்து.

மதிப்பிடும் முறையைப் பார்ப்போம். நல்ல போட்டிகளில் தைத்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. இருவர் போர்வையை உயர்த்திப் பிடிக்க, நடுவர் முன்புறமும் பின்புறமும் நோக்குவர். தையல்கள் ஒரே அளவினவா, ஓரப்பட்டி உள்ளே நிறைவாக உள்ளதா, மூலைகள் சதுரமாக நிற்கின்றனவா, வரைந்த கோடு அழியாமல் எஞ்சியுள்ளதா, தொங்கவிட்டால் நேராகத் தொங்குகிறதா என்று காண்பர். குறைகளை எழுதிய தாளைத் தைத்தவருக்கே தனியே அனுப்புவர். துண்டுக்கடியில் பேசும் பண்பு அங்கும் ஓரளவு இருக்கிறது. இவ்வளவையும் ஆராயும் கண்ணுக்கு ஒன்று மட்டும் தெரியாது: இத்தையல் யாருடைய கை?

1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, சியர்ஸ் என்னும் வணிக நிறுவனம் குவில்ட் போட்டி ஒன்றை நடத்திற்று. ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. நாடே வறுமையில் வாடிய காலம். முதற்பரிசோ ஆயிரம் டாலருக்குக் குறையாத தொகை. அனுப்புவோர் தம் கையாலேயே முழுதும் செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. கென்டக்கி மாநிலத்து மார்கரெட் கேடன் என்னும் பெண்மணி பரிசு பெற்றார். அப்போர்வை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவிக்கு அளிக்கப்பட்டது. அதில் கேடன் இட்ட தையல் ஒன்றுகூட இல்லை! கூலிக்குத் தைத்த பெண்களுக்குப் பரிசில் பங்கும் இல்லை. அவ்வேலையும் போய்விட்டால் பிழைப்பு ஏது என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதனை வெளியிடப் பல பத்தாண்டுகள் ஆயின. அப்போர்வை இன்று எங்குள்ளது என்றே தெரியவில்லை.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது நம் குன்றுகளே நினைவுக்கு வந்தன. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ச் சாலையில் யானைமலையைக் கடந்து, அப்பாலுள்ள மாங்குளத்துக் குன்றுக்குச் சென்றால், முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்த அறத்தைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் காணலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வெழுத்து, வெட்டுவித்தான் என்னும் பொருள்படவே பேசுகிறது. நகரின் மேற்கே சமணர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துகளும் ‘செய்வித்த திருமேனி’ என்றே கூறுகின்றன. உளி பிடித்தவன் பெயர் அங்கு இல்லையே என்பது நமக்குக் குறைதான். ஆனால் அவன் வேலையைப் பிறர் தம் வேலை என்று கூறிக்கொள்ளவில்லை. பிறவினை விகுதி ஒன்று அவன் இருந்தான் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படல் என்று வினை மூவகையால் வந்து சேரும் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வருவது. நல்வினைக்கும் இது பொருந்துமாதலின், செய்வித்தவர்க்கு இழிவு எதுவும் இல்லை. வடிவம் கண்டவர், நிறம் தேர்ந்தவர், பொருள் கொடுத்தவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. செய்வித்ததைச் செய்தேன் என்று எழுதுமிடத்தில்தான் மாயை நுழைகிறது. அறியாது பரிசளித்த நடுவர் ஏமாற்றத்திற்கு உடன்பட்டவர் ஆகார். அறிந்த பின்னும் விழாவின் பெருமை கருதிப் பேசாதிருப்பவர் ஆவார்.

இது அயல்நாட்டுக் கதை என்று விட்டுவிடவும் இயலாது. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நூலால் ஆயிரக்கணக்கில் முடியிட்ட பின்னரே துணி சாயத்திற்குச் செல்லும். கடைக்கு வரும் சேலையில் வணிகர் பெயரைக் காண்கிறோம். முடிச்சிட்டவர் பெயரை யாம் கண்டதில்லை. அச்சிட்ட புள்ளிச் சேலையும் சுங்குடி என்றே விற்கப்படும் இந்நாளில், அவ்விரல்கள் இருமுறை மறைக்கப்படுகின்றன.

“கூலி கொடுத்தாயிற்றே, பெயரும் வேண்டுமோ?” என்பார் உளர். கூலி உழைப்புக்கு ஈடாகலாம். ‘யான் செய்தேன்’ என்னும் சொல் அக்கூலியில் அடங்காது. இன்று அயல்நாட்டுப் போட்டிகள் பலவற்றில் துண்டிணைத்தவர், மேல்தையலிட்டவர் என இருவர் பெயரையும் எழுதுகின்றனர். நம் இல்லங்களிலிருந்து செல்லும் விண்ணப்பங்களிலும், தையற்காரம்மாள் உதவியிருப்பின், அவர் பெயரை எழுத ஒரு வரி போதும்.

கென்டக்கிப் பெண்கள் வாய் மூடியிருந்ததும் உடன்படலே அன்றோ என்று நுணுக்கம் பேசுவோர் கேட்கக்கூடும். அடுத்த வேளை உணவுக்கு அஞ்சியவர் மௌனத்தை அக்கணக்கில் சேர்க்க நமக்கு மனம் இசையவில்லை. அம்மௌனமும் கேடன் செய்வித்ததே.