நேர்த்திக்கடன் யாருக்கு?

கிடைத்தற்கரிய மானிட உடம்பை இறைவன் ஒருவனுக்கு இரண்டாம் முறையும் தந்தால், அந்தக் கடனை அவன் எங்கே செலுத்துவது?

வயலில் காலில் ஏறிய முள்ளை நான் பொருட்படுத்தவில்லை. நான்காம் நாள் குளிர்காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து பேச்சும் தடுமாறியது. வைத்தியர் அதனைச் ‘செப்சிஸ்’ என்றார். கிருமியை எதிர்த்து எழும் உடம்பின் வேகமே அளவு கடந்து தன் உறுப்புகளைத் தாக்கும் நிலை அது. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் பேர் இதனால் இறந்தனர் எனக் கணித்துள்ளார்கள்.

நான் பிழைத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை. அவர் வீட்டாரும் எங்களைப் போலவே நேர்த்தி வைத்தவர்கள்தான்.

அடுத்த திருவிழாவில் அங்கப்பிரதட்டை செய்தேன். ஆயினும் கடன் தீர்ந்ததாக மனம் ஒப்பவில்லை. சூலைநோய் தீர்ந்த நாவுக்கரசர் பெருமான் பாடியதோடு நிற்கவில்லையே! உழவாரப்படை ஏந்தி, பிறர் நடக்கும் கோயில் வீதிகளில் புல் செதுக்கினார்.

கனடாவில் வாழும் எம்மவரின் பிள்ளைகள் ஆண்டுதோறும் பாடசாலையில் டெரி பொக்ஸ் பெயரால் ஓடுகிறார்கள். புற்றுநோயால் 1977 இல், 18 வயதில், வலது காலை இழந்தவர் அவர். வைத்தியசாலையில் தம்முடன் துன்புற்றவர்களை, விசேடமாகச் சிறுவர்களை, அவரால் மறக்க முடியவில்லை. 1980 ஏப்ரல் 12 இல் பொய்க்காலுடன் ஓடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர், அதாவது ஒரு மரதன் தூரம், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலில் மீண்டும் தோன்றவே நின்றார். அடுத்த ஆண்டு 22 வயதில் காலமானார்.

ஓடாமலே பணம் கேட்டிருக்கலாமே என்பார்கள். காவடி எடுப்பவரிடம் அப்படிக் கேட்போமா? திரும்பக் கிடைத்தது உடம்பு. கொடுப்பதும் உடம்பாலேயே இருக்க வேண்டுமென மனம் விரும்புகிறது. ஆனால் காவடியில் நோவு எனக்கு, பலனும் எனக்கு. அந்த ஓட்டத்தில் நோவு அவருக்கு, பலன் முகமறியாதவருக்கு. வேறுபாடு அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டிலும் 2011 இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தார்கள். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து நடந்தனர். சேர்ந்த பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போயிற்று.

எனக்கு ஓட இயலாது. கால் இன்னும் வீங்கும். வயலில் யாருடைய காலிலாவது புண்ணைக் கண்டால் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வைத்தியசாலையில் இறக்கிவிடுகிறேன். சிலர் ஏசுகிறார்கள். இது நேர்த்தியில் சேருமா என்று குருக்கள் ஐயாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.